இரண்டு வட்டுக் கருப்பட்டி

1938ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் நாள், புதன்கிழமை. வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. குமுளி மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று அன்று ஈரமின்றி வீசியது; நனைத்து உதறிய சேலையைக் கொடியில் விரித்து முடிப்பதற்குள் அதன் முந்தானை காய்ந்துவிடும் வகையான காற்று. அத்தகைய நாளில் கலவை வேலை செய்வோர் முதலில் கவனிக்க வேண்டியது நீர். அந்த வேலையில் நீருக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். என் பெயர் பஞ்சம்மாள். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. எழுதப் படிக்கத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

வேலை நடந்த இடம் உத்தமபாளையத்திற்கு மேற்கே உள்ள வாய்க்கால் மதகு. பழைய மதகு முந்தைய ஐப்பசி வெள்ளத்தில் இடிந்து போயிற்று. ஜூன் முதல் தேதி பெரியாற்று நீர் மலையடியில் உள்ள லோயர் கேம்ப் வழியாக விடப்படும் என்றும், அதற்குள் புதிய மதகு பாரம் தாங்கும் நிலையில் நிற்க வேண்டும் என்றும் உத்தரவு. மதகின் மேல்தளம் பன்னிரண்டு அடி நீளமும், எட்டு அடி அகலமும், ஒன்பது அங்குலக் கனமும் உடையது. கீழே பலகையும் முட்டுக்காலும் கொடுத்து, மேலே இரும்புக் கம்பி கட்டி, பன்னிரண்டு மூட்டை சிமெண்டைக் கொண்டு அதை வார்த்தோம். வார்த்த தளம் பதினான்கு நாள் சென்ற பின்னரே பாரம் தாங்கும் என்பது வேலையைச் சரிபார்க்கும் அரசாங்க ஓவர்சீயர் வகுத்த விதி. பதினெட்டாம் தேதியிலிருந்து ஜூன் முதல் தேதி வரை விரல்விட்டு எண்ணினேன். சரியாகப் பதினான்கு. ஒரு நாளும் மிச்சமில்லை.

தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த ஞானசிகாமணி முதலாளி அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்தார். கொத்தனார் பலவேசம். அவர் எனக்குக் கொழுந்தன் முறை. அவருக்குக் கீழ் ஆணும் பெண்ணுமாகப் பதினோரு பேர். சிமெண்டு வேலை எங்களில் எவருக்கும் பழக்கமில்லை. நாங்கள் அதுவரை சுண்ணாம்பில் கட்டியவர்கள்.

சுண்ணாம்பு என்பது காற்றைக் குடித்து மெல்ல இறுகும் பொருள். அதற்கு வெறும் நீர் போதாது. கடுக்காயை உடைத்து ஊறவைத்து, அந்த ஊறலில் கருப்பட்டியைக் கரைத்து, மூன்று நாள் புளிக்கவிட்டு, அந்த நீரைத் தெளித்துச் சாந்து அரைப்பது எங்கள் முறை. அவ்வாறு அரைத்த சாந்து இறுக நாளாகும். ஆனால் இறுகிய பின் உளியை வைத்து அடித்தால் உளி துள்ளும். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த நீரைக் கரைத்தவள் நான். பள்ளிவாசல் தெருவில் நான் நீர் கரைத்த மாடிவீடுகள் மூன்று. எந்த மழையிலும் ஒன்றும் ஒழுகியதில்லை. கொத்தனார் யார் என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீர் கரைத்தது யார் என்று கேட்ட வீட்டுக்காரர்களும் உண்டு. இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பெருமைக்காகவே எழுதுகிறேன்.

சிமெண்டு அவ்வாறன்று. அது நீரைக் குடித்து இறுகும் பொருள். இந்த வேறுபாட்டை நான் இப்போது அறிவேன், அப்போது அறியேன். மூட்டைகள் வந்திறங்கிய அன்றே முதலாளி என்னிடம் சொன்னார்.

"இதுக்கு நீ ஒண்ணும் கரைக்க வேண்டாம் பஞ்சம்மா. பச்சத் தண்ணி போதும்."

"பச்சத் தண்ணி மாட்டுக்குத்தான் வைப்பாக மொதலாளி," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைத் தண்ணீரை எந்தப் பெண்ணும் சுமந்து ஊற்றலாம். அதற்கு நான் எதற்கு? புதன்கிழமை காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், இரண்டு தகரப் பீப்பாய்களிலும் நீர் நிரப்பி, பீப்பாய்க்கு ஒரு வட்டாக இரண்டு வட்டுக் கருப்பட்டியை உடைத்துக் கரைத்தேன். சுண்ணாம்புக்காக இருந்தால் குடத்துக்கு ஒரு வட்டு போட்டிருப்பேன். புதிய பொருளுக்குச் சிறிய அளவில் தொடங்குவது முறை என்று கருதிக் குறைத்தேன். கருப்பட்டி தேவாரம் சந்தையில் வாங்கிய நயமான சரக்கு. நீரின் நிறம் மாறியதை எவரும் கவனிக்கவில்லை. வாய்க்கால் குட்டையில் எடுத்த நீர் இயல்பாகவே பழுப்பு நிறம் உடையது.

இவ்விடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டடமாயினும் முதல் கைக் கலவையைத் தனியே பிசைவோம். ஆற்றிலிருந்து செம்பில் கொண்டுவந்த பூசை நீரை விட்டு, ஒரு கையளவு பிசைந்து, தேங்காய்ச் சிரட்டையில் நிரப்பி, மஞ்சள் பிள்ளையாருக்கு முன் வைப்போம். வேலை முடியும் வரை அது அங்கேயே இருக்கும். பின்னர் அதனை ஓடும் நீரில் விடுவோம். அன்றும் மதகை ஒட்டி நின்ற வேப்பமரத்தடியில் பிள்ளையார் பிடித்து, செம்பு நீரில் சிமெண்டும் மணலும் பிசைந்து சிரட்டையை வைத்தவள் நான்தான். அதன் பிறகே பீப்பாய் நீரில் பெரிய கலவை தொடங்கியது. மாலை நான்கு மணிக்குத் தளம் முழுவதும் வார்த்து, மட்டப்பலகை இழுத்து, ஈரச் சாக்கு மூடிவிட்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் வியாழக்கிழமை காலை பலவேசம் சாக்கை விலக்கிப் பார்த்தார். பிறகு பெருவிரலைத் தளத்தில் ஊன்றினார். விரல் முதல் கணு வரை இறங்கியது. எடுத்தபோது குழி அப்படியே நின்றது. அவர் விரலைத் தலைப்பாகைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

சந்தனம்மாள் என்பவள் என்னோடு சட்டி சுமப்பவள். எதற்கும் வாய் மூடாதவள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "மதகுக்குத் தளம் போடச் சொன்னா, நீங்க பாயாசம்ல காச்சி ஊத்திருக்கீக. முந்திரிப்பருப்பு மட்டும்தான் கொறையுது," என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பாயாசம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் பீப்பாய்களைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்பது மணி பஸ்ஸில் முதலாளி வந்தார். பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது; பலவேசத்தின் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழம மூணு மணிக்கு ஓவர்சீயர் வாராக. அவுக கண்ணுல இது பட்டா என்ன ஆகும் தெரியுமா ஒனக்கு?"

"மூட்ட கெட்டுப்போன மூட்டை மொதலாளி," என்றார் பலவேசம். "மழையில நனஞ்ச சரக்க ஒங்க தலையில கட்டிட்டாக."

"நானே நின்னு ஏத்துன மூட்டைய்யா. ஒனக்குக் கை பழகல. பழகாத கைய நம்பி எறங்குனேன் பாரு, என்னச் சொல்லணும். ஒடச்சு எடுத்துட்டு, நீயும் ஒன் ஆளுகளும் கெளம்புங்க. மதுரையிலருந்து வேற ஆள் கூட்டியாரேன்."

"வேற ஆள் வந்தா மட்டும் பதினாலு நாள் எங்கருந்து வரும்?"

பலவேசம் கேட்டது சரி. தளத்தை உடைத்தால் ஜூன் முதல் தேதிக்குள் வேறு தளம் நிற்காது. நிற்காவிட்டால் வாய்க்காலில் நீர் விடமாட்டார்கள். கீழே எத்தனை ஊர் நாற்றங்காலை உழுது வைத்துக்கொண்டு காத்திருந்தது என்பது அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும். எங்கள் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு அந்த வாய்க்காலின் பாய்ச்சலில்தான் சொந்தமோ குத்தகையோ இருந்தது.

நான் வேப்பமரத்தடிக்குச் சென்றேன். பிள்ளையாருக்கு முன் இருந்த சிரட்டையை எடுத்து நகத்தால் கீறினேன், நகம் வழுக்கிற்று. கல்லில் தட்டினேன். கணீரென்றது. அதே மூட்டைச் சிமெண்டு, அதே மணல், பிசைந்த கையும் எங்களுடையதே. வேறுபட்டது நீர் ஒன்றுதான். செம்பு நீரில் கருப்பட்டி இல்லை. பீப்பாய் நீரில் இருந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு வினாவுக்குக் கீழே விடை இருப்பது போல அது என் கையில் இருந்தது. சிரட்டையை அப்படியே வாய்க்கால் பள்ளத்தில் வீசியிருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். சிமெண்டு கெட்டது என்றோ பலவேசத்தின் கை கெட்டது என்றோ முடிந்திருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் நீரைக் குறை சொன்னவர் இல்லை என்னும் பெயரும் அப்படியே இருந்திருக்கும். சிறிது நேரம் அந்தப் பெயரை நினைத்துக்கொண்டே நின்றேன். ஒளித்து வைத்துக் காக்க வேண்டிய பெயர் எனக்குத் தேவையில்லை என்று தோன்றியது. திரும்பி வந்து சிரட்டையை முதலாளியின் கையில் கொடுத்தேன்.

"மூட்டையும் கெடல, கொத்தனார் கையும் கெடல. பீப்பாய்க்கு ஒண்ணா ரெண்டு வட்டுக் கருப்பட்டி கரைச்சு விட்டேன். இது கருப்பட்டி படாதது. தட்டிப் பாருங்க."

பலவேசம் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் உள்ளது. "மதினி, நீயா," என்றார்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சிமெண்டு மூட்டையோடு வந்த ஆங்கிலக் காகிதம். அதுவரை மடிப்புக் கலையாமல் இருந்தது. விரலை ஓட்டி வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சக்கரை பட்டா இறுகாதுன்னு போட்டுருக்கான்."

"அத முந்தாநாளே வாசிச்சுச் சொல்லிருந்தீகன்னா நான் ஏன் கரைக்கப் போறேன்?"

அவர் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"எத்தன நாளைக்கு இறுகாதுன்னு போட்டுருக்கா?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். "அது போடல."

"அப்ப நான் சொல்லுறேன். சுண்ணாம்புலயும் இது தாமசந்தான் பண்ணும். கொன்னு போடாது. காய விடாம ஈரமா வச்சுக்கிட்டா தன்னால இறுகும். சனிக்கிழம வரைக்கும் ஒடைக்காதீக."

"இறுகலைன்னா?"

"எங்கையில கடப்பாரையக் குடுங்க. மொத அடி நான் அடிக்கிறேன்."

இதைச் சொன்னபோது எனக்கு உறுதி இருந்ததா என்று கேட்டால், பாதி இருந்தது. சுண்ணாம்பைப் பற்றிய பாதி. சிமெண்டைப் பற்றிய பாதி இல்லை.

பலவேசத்துக்கு வேறொரு யோசனை தோன்றியது. வேலையை விரைவுபடுத்துவதற்கென்று முதலாளி மதுரையிலிருந்து ஓர் உப்பு டின் வாங்கி வைத்திருந்தார். கலவை நீரில் அதனைச் சேர்த்தால் சிமெண்டு சீக்கிரம் இறுகும் என்று கடைக்காரர் சொன்னாராம். மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே நனையும் உப்பு. ஆகவே நாங்கள் அதனை ஈர உப்பு என்று அழைத்தோம். அதைத் தளத்தின் மேல் தூவிவிட்டால் கருப்பட்டி முறிந்துவிடும் என்றார் பலவேசம். முதலாளியும் டின்னை எடுத்தார்.

"தளத்துல தூவாதீக. மொதல்ல சிரட்டையில தூவிப் பாப்போம்," என்றேன். ஒரு முறை பார்க்காமல் ஊற்றியவளுக்கு அந்தப் புத்தி வந்திருந்தது.

நான்கு சிரட்டைகளை வரிசையாக வைத்தேன். முதலாவதில் பச்சை நீரில் பிசைந்த கலவை. இரண்டாவதில் ஈர உப்பைக் கரைத்த நீரில் பிசைந்தது. மூன்றாவதில் கருப்பட்டி நீரில் பிசைந்தது. நான்காவதில் தளத்தின் ஓரத்திலிருந்தே ஒரு கை எடுத்து வைத்து, அதன் மேல் உப்பைத் தூவினேன். நேரம் குறிக்க வேண்டியிருந்தது. முதலாளி தம் பைக்கடிகாரத்தைச் சங்கிலியோடு கழற்றினார், கொடுக்கத் தயங்கினார்.

"முள்ளு பாக்கத் தெரியுமா?"

"தெரியும். செல்வமணி டீச்சர் சொல்லிக் குடுத்துருக்காக."

ஞாயிறுதோறும் மிஷன் பள்ளியில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் அந்த டீச்சர். எனக்குப் பதினைந்து வயது இளையவர். அதுவரை நான் எழுதியதெல்லாம் அவர் பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதியவை. அன்றுதான் எவரும் எழுதிக் காட்டாத ஒன்றை எழுதினேன். அடுப்புக்கரியை எடுத்து, மதகின் பக்கச் சுவரில் 'பச்சை, உப்பு, கருப்பட்டி, தூவல்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'மணி 11' என்று குறித்தேன். சந்தனம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏக்கா, இந்தக் கரிக்கோட்டுல எது கருப்பட்டி?"

"ஒனக்கு வாசிக்கத் தெரிஞ்சா நீயே தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சவுக செஞ்ச வேலதான் அங்கன கூழா கெடக்கு," என்றாள். அவள் சொன்னது சரி.

உப்பு நீரில் பிசைந்தது ஒன்றேகால் மணிக்கே நகம் இறங்காமல் இறுகியது. பச்சை நீரில் பிசைந்தது மாலை ஐந்தரைக்கு. கருப்பட்டி நீரில் பிசைந்தது இறுகவே இல்லை. எல்லாரும் எதிர்பார்த்தது நான்காவதை. மூன்று மணிக்கே அதன் மேற்புறம் இறுகித் தட்டையாகிவிட்டது. பலவேசம் மகிழ்ச்சியோடு எழுந்தார். நான் அதனை ஆணியால் குத்தினேன். பால் மேல் படிந்த ஆடை போல ஒரு தகடு பிளந்தது. அதற்கடியில் கலவை அப்படியே கூழாக இருந்தது. தளத்தின் மேல் தூவியிருந்தால் ஓவர்சீயர் பார்வைக்கு அழகான மேற்புறமும், உள்ளே ஒன்பது அங்குலக் கூழும் கிடைத்திருக்கும். அதனை நம்பி முட்டுக்காலை எடுத்திருப்பார்கள். முதலாளி டின்னை மூடி வைத்துவிட்டார்.

"இந்த உப்பு கலக்குறப்பவே சேர வேண்டியது போல," என்றார் மெல்ல. "இறுகாமக் கெடக்குறது மேல தூவுனா ஏமாத்து."

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கிருந்த வேலை ஒன்றே. காற்று வாங்கும் ஈரத்தை நான் திரும்பக் கொடுக்க வேண்டும். பச்சைத் தண்ணீரை எவளும் சுமக்கலாம் என்று இகழ்ந்தவள், குட்டைக்கும் மதகுக்குமாக அன்று அறுபத்து மூன்று குடம் பச்சைத் தண்ணீர் சுமந்தேன். சாக்கின் ஒரு முனை நனைத்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை வெளுத்துவிடும். நண்பகலுக்குப் பின் சந்தனம்மாள் கேட்காமலே ஒரு குடத்தோடு வந்து என் முன்னால் நடந்தாள். "பாயாசம் ஆறிப்போவும்ல, அதான்," என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பலவேசம் மட்டும் வரவில்லை. அவர் மணிக்கொரு தடவை ஒரு குச்சியைத் தளத்தின் ஓரத்தில் இறக்கிப் பார்த்து, இறங்கிய அளவை நகத்தால் கிள்ளி வைத்துக்கொண்டார். காலையில் நான்கு விரற்கடை. மாலையில் மூன்று. குச்சியை என் குடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புறப்படும்போது முதலாளி, "நாளைக்குப் பன்னெண்டு மணி. அதுக்கு மேல என்னால தாங்க முடியாது பஞ்சம்மா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான்கு கடப்பாரைகளைக் கொண்டுவரச் செய்து வேப்பமரத்தில் சாத்தி வைத்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாக்கைத் தூக்கியபோது தளத்தின் நிறம் மாறியிருந்தது. முன்பிருந்த கரும்பழுப்பு போய், வேப்பமர நிழல் விழுந்த ஓரத்தில் சாம்பல் நிறம் படர்ந்திருந்தது. புதன்கிழமை முதலில் வார்த்த பக்கம் அது. கையை வைத்தேன். உள்ளே இளஞ்சூடு தெரிந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் முதலில் தெரியும் சூடு போன்றது. வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. எனவே அது வெயிலின் சூடு அன்று. சிமெண்டு நீரைக் குடிக்கத் தொடங்கும்போது சூடேறும் என்பதை நான் அன்று எந்தக் காகிதத்திலும் படித்திருக்கவில்லை. ஆயினும் உள்ளே ஒன்று விழித்துக்கொண்டது என்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மறுபடி சாக்கை மூடி நீர் ஊற்றினேன்.

ஒன்பது மணிக்கு ஆணி அரை அங்குலம் இறங்கியது. பத்து மணிக்குக் கால் அங்குலம். பத்தரைக்கு மேல் ஒருவரும் உட்காரவில்லை. முதலாளி கடப்பாரைகளைப் பார்க்காமல் இருக்க மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கடிகாரம் என் மடியில் இருந்தது.

பலவேசம் வந்து தளத்தின் முன் குந்தினார். வியாழக்கிழமை அவர் ஊன்றிய பெருவிரல் குழிக்குப் பக்கத்திலேயே விரலை ஊன்றினார். உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தார்; விரல்நுனி வெளுத்தது. எடுத்தார். தளத்தில் ஒரு சுவடும் இல்லை. பிறகு ஆணியை வாங்கி இழுத்தார். அது உள்ளே இறங்காமல் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓடியது. நடுவிலும், நான்கு மூலையிலும் அப்படியே. கடைசியாகக் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் தட்டினார். முதல் கைச் சிரட்டை கொடுத்த அதே ஓசை வந்தது.

"அடுத்த வேலையிலயும் தண்ணி நீயே பாத்துக்க மதினி," என்றார் எழுந்திராமலே. "ஆனா கரைக்கிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு."

"சிரட்டைகிட்டக் கேட்டுட்டு ஒங்ககிட்டச் சொல்லுறேன்," என்றேன்.

முதலாளி கடப்பாரைகளை எடுத்துச் செல்லச் சொல்லவில்லை. அவை வேப்பமரத்தில் சாய்ந்தபடியே இருந்தன. ஓவர்சீயர் வர இன்னும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் குடத்தைச் சரித்துத் தளத்தின் மேல் நீர் விட்டேன். நீர் எங்கும் வழிந்தோடி ஓரங்களில் சொட்டியது. பலவேசத்தின் பெருவிரல் குழியில் மட்டும் ஒரு மிடறு தங்கி நின்றது; விரல் ரேகை அதன் அடியில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு குளவி வந்து அந்தக் குழியின் விளிம்பில் அமர்ந்து நீர் குடிக்கத் தொடங்கியது. நான் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, இரண்டு முள்ளையும் பார்த்து, கரித்துண்டோடு சுவரண்டை போய், 'தளம்' என்று புதிதாக ஒரு வரி எழுதினேன். அதன் எதிரில், சனி, மணி பதினொன்று இருபது.